மடுல்சீமை லேண்ட்ரோவர்க்காரர்

மலைநாட்டுக் கடைவீதி ஒவ்வொன்றிலும் ஒரு லேண்ட்ரோவர்க்காரர் இருப்பார். ஹப்புத்தளையில் இருக்கிறார், பண்டாரவளையில் இருக்கிறார், பசறையிலும் இருக்கிறார். கலப்படமில்லாத சரக்கு வேண்டுமென்றால் மடுல்சீமைக்குத்தான் போக வேண்டும். பதுளையிலிருந்து பசறை வரைக்கும் எந்த வண்டியும் போகும். பசறையைத் தாண்டி மேலே ஏற ஏற வண்டி வகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். மடுல்சீமை டவுனையும் கடந்து தோட்டத்துக்குள் நுழைந்து, மேல்கணக்கு லயத்துக்குப் போகும் கல்ரோட்டைப் பிடித்தால் மிஞ்சுவது மூன்றே மூன்று: கொழுந்து டிராக்டர், சொந்தக் கால், லேண்ட்ரோவர்க்காரர்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். வயது அறுபதுக்கு மேல். தோளில் துண்டு இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் துடைக்கிற சீலைத்துணி கிடக்கும். ஜேசிக்கு மேலே ஒரு பழைய கோட்டு. அதுவும் ஏதோ ஒரு துரை விட்டுப்போனது என்பார். சட்டைப்பையில் பேனா இருக்காது, அரை இஞ்சி ஸ்பேனர் இருக்கும். இங்கிலீஷ் வண்டிக்கு இஞ்சிக் கணக்கு ஸ்பேனர்தான் என்பதில் அவர் கறார். மில்லிமீட்டர் ஸ்பேனரைக் கண்டால் முகம் சுளிப்பார். நடந்து போகும்போதுகூட வளைவுகளில் ஒரு தடவை பின்வாங்கித்தான் திரும்புகிறார் என்று லயத்துப் பிள்ளைகள் சொல்வது மட்டும் மிகை.

அவரிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது வண்டியின் வம்ச வரலாறு. அவர் தாத்தா எந்தத் திருச்சிராப்பள்ளிக் கிராமத்திலிருந்து வந்தார் என்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. வண்டி எந்தத் துரையிடமிருந்து எந்தத் துரைக்குக் கைமாறியது என்பது மட்டும் தலைமுறை தவறாமல் வரும். எல்லாக் கதையும் ஒரு கடைசி வெள்ளைக்காரத் துரையில்தான் போய் முடியும். மடுல்சீமைப் பக்கத்து லேண்ட்ரோவர்க்காரர்கள் சொல்வதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், அந்தத் துரை வாரத்துக்கு ஒரு வண்டி மாற்றியிருக்க வேண்டும். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்து தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. 1992இல் திரும்பவும் கம்பெனிகளிடம் போயின. இந்த இரண்டு கைமாற்றத்துக்கும் இடையில் ஏதோ ஓர் ஏலத்தில் வண்டி தன் வீட்டுக்கு வந்தது என்பார். ஏலத்தில் என்ன விலை என்று கேட்டால் பேச்சு கார்புரேட்டருக்குத் திரும்பிவிடும்.

அடுத்தது உலக வரலாறு. 1947இல் இங்கிலாந்து ரோவர் கம்பெனியின் தலைமை இன்ஜினியர் மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் பக்கத்து ஆங்கிள்சி தீவில் இருந்த தன் பண்ணையில் யுத்தம் கழித்துப்போட்ட வில்லிஸ் ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அது போன பிறகு என்ன செய்வது என்ற யோசனையில் கடற்கரை மணலில் ஒரு வண்டியைக் கோடு போட்டுக் காட்டினார் என்பது கதை. நம்மவர் வாயில் அவர் வில்க்ஸ் தொரை. யுத்தம் முடிந்த கையோடு இரும்புக்குப் பங்கீடு இருந்ததால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். "இரும்பு கெடைக்காம போச்சு தம்பி, அதனாலதான் நம்ம வண்டி துருப்பிடிக்காம இருக்கு" என்று பொனட்டில் ஒரு தட்டுத் தட்டுவார். அடியில் இருக்கிற சாசி இரும்புதான், அது துருப்பிடிக்கும், பிடித்தும் இருக்கிறது. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. நீங்களும் குனிந்து பார்க்காதீர்கள்.

1948ஆம் வருடத்துக்கு வந்ததும் குரல் கொஞ்சம் மாறும். ஏப்ரல் 30ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட்ரோவர் வெளியே வந்தது. அதே வருடம் நவம்பரில் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, தோட்டத்துச் சனங்களில் ஏறக்குறைய எல்லாரையும் நாடில்லாதவர்கள் ஆக்கியது. அவருடைய அப்பா ஓட்டிய வண்டிக்குப் பதிவுப் புத்தகம் இருந்தது, இலக்கத் தகடு இருந்தது, வருடாவருடம் வரி கட்டிய சீட்டு கண்ணாடியில் ஒட்டியிருந்தது. ஓட்டியவருக்கு நாடு இருக்கவில்லை. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்ப்போம் என்று தலைகளைப் பங்கு பிரித்தார்கள். "ஆளுகள அனுப்பணும்னு கேட்டாங்க. வண்டிய அனுப்பணும்னு ஒருத்தனும் கேக்கல பாத்தீங்களா?" என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் வருடச் சட்டத்தோடுதான் கணக்குத் தீர்ந்தது. அதுவரையில் அந்த வீட்டில் அரசாங்கம் ஒத்துக்கொண்ட ஒரே ஆள் கொட்டகையில் நின்ற வண்டிதான்.

இப்போது கம்பெனி யாருடையது என்று தெரியாதவர்போலக் கேளுங்கள். 2008இல் இந்திய டாட்டா, ஃபோர்டிடமிருந்து ஜாகுவாரையும் லேண்ட்ரோவரையும் சேர்த்து வாங்கியது. "நம்ம ஆளு வாங்கிட்டான்" என்பார். 'இந்தியாக்காரன்' என்று வாழ்க்கை முழுக்க ஏச்சு வாங்கிய மனிதர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஏச்சை ஏற்றுக்கொண்டு வட்டியும் வசூலிப்பார். 2016 ஜனவரி 29ஆம் திகதி சொலிஹல் தொழிற்சாலையிலிருந்து கடைசி டிஃபெண்டர் வெளியேறியதோடு அந்தப் பழைய உருவம் முடிவுக்கு வந்தது. சேதி கேட்ட அன்றைக்குத் தேத்தண்ணிகூட இறங்கவில்லை என்று சொல்லுவார். கடைக்காரரின் கொப்பியில் அன்றைய கணக்கில் இரண்டு பிளேன்டீயும் ஒரு வடையும் இருக்கின்றன.

லேண்ட்ரோவர்க்காரர்களுக்குள்ளும் சாதி உண்டு. இதை வெளியாருக்குச் சொல்லமாட்டார்கள். முன்விளக்கு இரண்டும் ரேடியேட்டர் கம்பிவலைக்குப் பக்கத்தில் நெருங்கி இருந்தால் அது பழைய குலம். 1960களின் கடைசியில் விளக்குகள் மட்காட்டுக்கு இடம் மாறின. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நேற்று வந்தவை. 1971க்குப் பிறகு வந்த 'சீரீஸ் த்ரீ' வைத்திருப்பவரை நம்மவர் மரியாதையாகவே நடத்துவார், பெண் மட்டும் கொடுக்கமாட்டார். காரணம், அதில் எல்லா முன் கியரும் சத்தமில்லாமல் விழும். நம்மவருடைய 'டூ ஏ'யில் முதல் இரண்டு கியரும் அப்படி விழாது. கிளச்சை ஒருதரம் மிதித்து, நியூட்ரலுக்கு வந்து, எஞ்சினுக்கு அளவாக ஒரு உறுமல் கொடுத்து, திரும்பவும் மிதித்துப் போட வேண்டும். அளவு தப்பினால் கியர்பெட்டி போடுகிற சத்தம் பங்களா வரைக்கும் கேட்கும். இளம் டிரைவர்களுக்கு அவர் கொடுக்கும் மிகப் பெரிய சாபம், "ஒனக்கெல்லாம் கியர் தானா விழும்டா" என்பதுதான்.

வண்டி ஏற்றத்தை மிதிக்கிற இடத்துக்கு வருவோம். பார்க்க வேண்டிய காட்சி அதுதான்.

பெரிய கியர்க்கம்புக்குப் பக்கத்தில் இரண்டு உருப்படிகள் இருக்கும்: மஞ்சள் தலை ஒன்று, சிவப்புத் தலை ஒன்று. மஞ்சளைக் கீழே அமுக்கினால் முன்சக்கரங்களும் இழுக்கத் தொடங்கும். சிவப்பைப் பின்னால் இழுத்தால் நான்கு சக்கரமும் இழுக்கும், வேகமெல்லாம் அடங்கி, மனிதன் நடக்கிற நடைக்கு வண்டி வந்துவிடும். சிவப்பை இழுக்க வண்டியை நிறுத்தியாக வேண்டும். மேல்கணக்குப் பாதையின் அடிவாரத்தில் இதற்கென்று ஒரு இடம் வைத்திருப்பார். அங்கே நிறுத்துவார். இறங்குவார். பாதையை ஒருமுறை பார்ப்பார். நேற்றும் பார்த்த பாதை, பிறந்ததிலிருந்து பார்க்கிற பாதை. ஒரு கல்லைக் காலால் நகர்த்துவார். பக்கத்திலிருக்கும் முனியாண்டி கோயில் பக்கம் பார்த்து நெற்றியைத் தொட்டுக்கொள்வார். பிறகு ஏறி உட்கார்ந்து, "புடிச்சிக்கங்க" என்று சொல்லிச் சிவப்பை இழுப்பார். இந்தச் சடங்கு முடியும்வரை பின்னால் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேரும் மூச்சுவிடக் கூடாது. பன்னிரண்டு என்பது சும்மா நாட்களில்.

உட்காரும் ஒழுங்கையும் அவர்தான் தீர்மானிப்பார். செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் பிடிமானம் இழக்காமல் இருக்க முன்னால் கனம் வேண்டும். கல்யாணத்துக்குப் போகும்போது சம்பந்தியம்மாவுக்கு முன்சீட்டு கிடைப்பது மரியாதையினால் என்று அந்தம்மா இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். பின்கதவை ஒட்டி ஒரு பையன் நிற்பான். வண்டி தயங்குகிற நொடியில் குதித்து, பின்சக்கரத்துக்கு அடியில் கல் வைப்பது அவன் உத்தியோகம். கைப்பிரேக் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது சக்கரத்தைப் பிடிக்காது, பின்னால் ஓடும் சாப்டைப் பிடிக்கும். ஆனால் பையன் நம்புவது கல்லைத்தான், பையனைத்தான் நம்மவரும் நம்புகிறார்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் வித்தை. சிவப்பை இழுத்து, முதல் கியரைப் போட்டு, இரண்டு காலையும் பெடல்களிலிருந்து எடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறக்கும். பிரேக்கை மிதித்தால் ஈரக்கல்லில் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறி, கடைசியில் பிரேக்கே இல்லாமல் போகும். இதெல்லாம் சரியான சாத்திரம். பயணிக்கு இது தெரியாது. கீழே பள்ளம் தெரிகிற பாதையில், டிரைவர் இரண்டு காலையும் சம்மணம் போடுகிற மாதிரி மடக்கிக்கொண்டு, நம் பக்கம் திரும்பி வில்க்ஸ் தொரை கதை சொன்னால் எப்படி இருக்கும்? "சிவப்ப இழுத்துட்டா பிரேக்க மறந்துறணும் தம்பி." பிரேக்கை மறப்பது சரி, பாதையையுமா?

வண்டியின் மற்ற வசதிகளையும் சொல்லிவிட வேண்டும். முன்கண்ணாடிக்குக் கீழே குறுக்காக இரண்டு மூடிகள். திறந்தால் மடுல்சீமை மூடுபனி நேராக நெஞ்சுக்கு வரும், அதுதான் ஏசி. மழை பெய்தால் கதவு இடுக்கு, கூரைப் பொருத்து என்று எல்லா வழியாலும் தண்ணீர் உள்ளே வரும். "வந்த தண்ணி வெளிய போயிடும், தரையில ஓட்ட இருக்கு" என்று ஆறுதல் சொல்லுவார். எண்ணெய் ஒழுகுவதும் உண்டு. அவர் இன்றைக்கு எந்தெந்த வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதை மண்ணைப் பார்த்தே சொல்லக்கூடிய கெட்டிக்காரிகள் லயத்தில் இருக்கிறார்கள். அவர் மனைவி அதில் முதலாவது.

அந்தம்மாவிடம் வண்டியைப் பற்றிக் கேட்காதீர்கள். கேட்டால், "எங்கம்மா போட்ட சங்கிலி கியர்பாக்ஸா ஓடிக்கிட்டு இருக்குங்க, கம்மல் ரெண்டும் ஸ்பிரிங் பட்டையில கெடக்கு" என்று பட்டியல் வரும். வீட்டில் யாருக்கும் கொழும்பு பார்த்துப் பழக்கமில்லை; நம்மவருக்குப் பஞ்சிகாவத்தை மட்டும் சந்து சந்தாகத் தெரியும். பழைய உதிரிப்பாகத்துக்கு அந்த வீதியை விட்டால் இலங்கையில் வேறு கதி இல்லை. விடிய பஸ் ஏறிப் போய், ஒரு டிஃபரன்ஷலைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்புவார். கண்டக்டர் அதற்கும் டிக்கட் கேட்பார். பேத்தி என்று சொல்லி அரை டிக்கட்டுக்குப் பேரம் பேசியதாக ஒரு கேள்வி. நம்பலாம், நம்பாமலும் விடலாம்.

'ஒரிஜினல்' என்பது அவர் வாயில் ஓயாமல் வரும் சொல். ஒருநாள் பொனட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே ஜப்பான் டீசல் எஞ்சின் உட்கார்ந்திருக்கும். பெற்றோல் எஞ்சின் குடிக்கிற குடிக்குக் கட்டுப்படியாகாமல், இலங்கையில் பாதிக்கு மேற்பட்ட கிழட்டு லேண்ட்ரோவர்களுக்கு இப்படி நெஞ்சு மாற்றம் நடந்திருக்கும் என்பது என் ஊகம். கியர்பெட்டி பஞ்சிகாவத்தை, கதவு பண்டாரவளை, சீட்டு ஒரு பழைய பஸ்ஸிலிருந்து கழற்றியது. பிறகு எது ஒரிஜினல்? "நம்பர் பிளேட்டு" என்பார், கொஞ்சமும் அசராமல். மில்லிமீட்டர் ஸ்பேனர் செட் ஒன்று சீட்டுக்கு அடியில் சாக்குக்குள் ஒளிந்திருக்கும் ரகசியமும் இப்போது விளங்கும்.

2022ஆம் வருடத்து எரிபொருள் வறட்சியில் கியூஆர் குறியீடும் வாரப் பங்கீடும் வந்தபோது மனிதர் வாடித்தான் போனார். வரிசையில் வண்டியை ஸ்டார்ட் செய்து நகர்த்தினால் நிரப்புகிற அளவு அங்கேயே தீர்ந்துவிடும் என்று, பையன்களை வைத்துத் தள்ளிக்கொண்டே போனார். அதற்கு முன்பே 2020இல் வாகன இறக்குமதி நின்றுபோய், 2025இல் திரும்பத் திறக்கும்வரை உருளுகிற எதற்கும் விலை ஏறிக்கிடந்தது. தரகர்கள் மடுல்சீமை வரைக்கும் ஏறி வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி கொடுத்து, வண்டியைச் சுற்றிக் காட்டி, 1947இலிருந்து கதை சொல்லி, கடைசியில் "விக்கிறதா இல்ல" என்று அனுப்பிவைத்தார். ஒரு நாளுக்கு இரண்டு தரகர் வந்தால் அவருக்கு அது தீபாவளி.

அவருடைய பருவகாலமும் ஊருடைய பருவகாலமும் எதிரெதிர். ஆடி ஆவணியில் கச்சான் காற்று வறட்சியாக அடிக்கும்போதுதான் ஊவாத் தேயிலைக்கு அந்தப் பேர்பெற்ற வாசம் ஏறும். கொழும்பு ஏலத்தில் விலை கிடைக்கும், துரை சிரித்த முகத்தோடு இருப்பார். நம்மவருக்கு அது கெட்ட காலம். பாதை காய்ந்திருப்பதால் திரீவீல் எல்லாம் தைரியமாக மேல்கணக்குக்கு ஏறும். மேல்கணக்கு வாசலில் ஒரு திரீவீல் நிற்பதைக் கண்டால் அன்றைக்கு அவர் யாரோடும் பேசமாட்டார். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்து, மண் இளகி, கல் புரண்டு, வேன்காரர்கள் டவுனோடு நின்றுகொண்டதும் மனிதர் நிமிர்ந்துவிடுவார். குடை பிடிக்காமல் கடைவீதியில் நடப்பார். "என்ன அண்ணே, மேல போகுமா?" என்று யாராவது கேட்பதற்காகவே நடப்பார்.

கொழும்பு ஜீப்காரர்களைச் சொல்லாமல் விட்டால் அவர் என்னை மன்னிக்கமாட்டார். மடுல்சீமைக்கு அப்பால் பிட்டமாறுவப் பக்கம் மலை திடீரென்று அறுந்து விழுகிற ஓர் இடம் இருக்கிறது. சிறிய உலக முடிவு என்கிறார்கள். கீழே மகியங்கனைப் பக்கத்துச் சமவெளி விரிந்து கிடக்கும். சூரிய உதயம் பார்க்கக் கூடாரத்தோடு வருகிறவர்கள் ஏராளம். சனி ஞாயிறுகளில் புத்தம் புதிய ஃபோர்வீல்கள் வரும்: கூரையில் கூடாரம், முன்னால் விஞ்ச், மூக்குக் குழாய், உடம்பெல்லாம் ஸ்டிக்கர். பத்தனைப் புல்லில் பனி இறங்கியிருக்கும்போது டயர் சும்மா சுற்றும். வண்டி சேற்றில் குந்திவிடும். நம்மவருக்கு எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ, அரை மணிநேரத்துக்குள் பழைய கயிற்றோடு வந்து நிற்பார். "அங்கிள், எவ்வளவு?" என்று கேட்டால் காசு வாங்கமாட்டார். கயிற்றை உடனே கட்டவும் மாட்டார். முதலில் பொனட், பிறகு வில்க்ஸ் தொரை, பிறகு ஆம்ஸ்டர்டாம். 2008இல் டாட்டா வாங்கியது வந்த பிறகுதான் கயிறு. சூரிய உதயத்துக்காக வந்தவர்கள் சூரியன் உச்சிக்கு வந்த பிறகு மேடேறுவார்கள். விஞ்சை அவர் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

அவருடைய தன்னம்பிக்கையை அசைத்த ஒரே சங்கதி போனில் வந்தது. டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சனிலிருந்து 3,636 மீற்றர் உயரத்துச் சந்தக்பூவுக்குக் கல்பாதையில் ஏறும் பழைய லேண்ட்ரோவர்களின் வீடியோவைப் பேரன் காட்டிவிட்டான். அரிதட்டு மாதிரிக் கிடக்கிற பாதையில், தன் வண்டியைவிட மூத்த வண்டிகள் ஏறுவதை மூன்று தடவை பார்த்தார். "ரோடு அகலமா இருக்கே" என்றார் கடைசியில். இரண்டு நாள் கழித்து, "பனியும் நம்ம பனி மாதிரி இல்ல" என்றும் சேர்த்துக்கொண்டார்.

இவ்வளவு அலட்டலையும் ஊர் எதற்காகப் பொறுத்துக்கொள்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மேல்கணக்கில் இரவு இரண்டு மணிக்கு ஒரு பிள்ளைக்குப் பிரசவ வலி எடுத்தால், 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடலாம்; அது வந்து நிற்கிறது கீழே, நல்ல ரோடு முடிகிற இடத்தில். அதுவரைக்கும் கொண்டுவந்து சேர்க்க வேண்டுமே. தோட்டங்களில் கொழுந்து லொறிதான் ஆஸ்பத்திரி வண்டி என்றிருந்த காலத்தில் நடுவழியில் பிறந்த பிள்ளைகள் எத்தனையோ. நம்மவர் கொட்டகைக் கதவைத் தட்டினால், ஜேசியை மாட்டிக்கொண்டு வாய் பேசாமல் வருவார். அந்த ஒரு சவாரியில் மட்டும் சடங்கில்லை, கோயில் பக்கம் பார்வையில்லை, வில்க்ஸ் தொரையும் இல்லை. இரண்டு காலும் பெடலுக்கு மேலேயே இருக்கும். பிணம் இறக்குவதும், சாதாரண தரச் சோதனைக்குப் பிள்ளைகளை இறக்குவதும், திருவிழாவுக்கு ஜெனரேட்டர் ஏற்றுவதும் அதே வண்டிதான். மறுநாள் காலையில் கடைவீதியில் அந்தப் பிரசவக் கதையே நாற்பது நிமிட உரையாக வரும் என்பது வேறு விஷயம். அதையும் கேட்கத்தான் வேண்டும். பிள்ளை அவர் வண்டியில் வந்து பிறந்ததல்லவா.

தோட்டத்துப் பாதைகளைச் செப்பனிட்டுத் தருவதாகத் தேர்தலுக்குத் தேர்தல் சொல்கிறார்கள். அதைக் கேட்டு ஊரில் பயப்படுகிற ஒரே மனிதர் அவர்தான். இதுவரை அவரைக் கலவரப்படுத்துகிற மாதிரி எதுவும் நடந்துவிடவில்லை.

நீங்கள் மடுல்சீமைக்குப் போவதாக இருந்தால் சில விஷயங்களைக் கவனியுங்கள். முன்சீட்டு கிடைத்தால் ஏன் கிடைத்தது என்று யோசிக்காதீர்கள். வாடகை எவ்வளவு என்று கேட்காதீர்கள், கோபம் வரும். இறங்கும்போது டீசலுக்கு என்று சொல்லிச் சட்டைப்பையில் வையுங்கள், கோபம் வராது. இறக்கத்தில் அவர் கதை சொல்லத் தொடங்கினால் "ஆமாங்க" என்று மட்டும் சொல்லுங்கள், எதிர்க்கேள்வி கேட்டால் முழுசாகத் திரும்பிவிடுவார். வண்டியை விற்பீர்களா என்று மட்டும் எந்தக் காரணம்கொண்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த இடத்திலேயே இறக்கிவிடுவார். அங்கிருந்து டவுனுக்கு நடைதான்.